கொடி கோடியான ஓலை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் தம்பிதுரை ஓலை வாசித்தபோது சபை சிரித்துவிட்டது.

சர்ச்சில் கல்யாண அறிவிப்பை ஓலை என்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல ஆள் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்று மூன்று ஞாயிறு சபை நடுவே வாசித்தாக வேண்டும். அதற்கு யாரும் சிரிப்பது கிடையாது. பெண்ணைப் பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஆயர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, "ஞானாபரணம் அவர்களின் மகள் ஜெயக்கோடிக்கும், பவானியைச் சேர்ந்த வின்ஸ்டனுக்கும்" என்று வாசித்தார்.

பெண்ணின் பெயர் ஜெயக்கொடி. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து கொடிதான். தாளில் கோடி என்று இருந்தது. தாளில் இருந்ததை அவர் வாசித்தார், பாவம்.

"பேருலயே கோடி இருக்குதப்பா, மாப்பிள்ளைக்கு யோகந்தான்" என்றது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அப்பறம் சீரு எதுக்குங்க? பேரை எழுதி வாங்கிக்கிட்டாப் போதுமே" என்றது இன்னொன்று.

பெண்ணின் அப்பா ஞானாபரணம் முன் வரிசையில் இருந்தார். உக்கடத்தில் மரக்கடை வைத்திருப்பவர், சர்ச் கமிட்டியில் மூத்தவர். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பின் வரிசை கப்சிப் என்று ஆயிற்று என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிளாடிஸ் பார்க்கவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சிரிப்பு எழும்பியதையும் பட்டென்று நின்றதையும் கேட்டாள்.  அந்தத் தாளை அடித்தவள் அவள்தான்.

கிளாடிஸ் போத்தனூர்க்காரி. அப்பா ரயில்வேயில் இருந்து, குவார்ட்டர்ஸிலேயே காலமானவர். இப்போது அவளும் அம்மாவும் வெள்ளலூர் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சின்ன வயதில் ஹாஸ்டல் வைத்த பார்வையற்றோர் பள்ளியில் படித்தாள். புள்ளி புள்ளியாய்க் குத்தியிருக்கும் பிரெய்ல் எழுத்தில் விரலை ஓட்டினால் மடமடவென்று வாசிப்பாள். ஆனால் அவள் எழுதியதை வீட்டில் யாரும் வாசிக்க முடியாது, வீட்டார் எழுதியதை அவள் வாசிக்க முடியாது. அவர்கள் ஒரு கரை, இவள் ஒரு கரை. காலேஜ் முடித்துக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனபோதுதான் அது மாறியது. திரையில் இருப்பதை வாய்விட்டுச் சொல்கிற ஸ்க்ரீன் ரீடரை அங்கே பழகினாள். மூக்கடைத்த ஆம்பிளைக் குரல், விக்கி விக்கிப் பேசும். கேட்டால் காது புளிக்கும். ஆனாலும் கண்ணுள்ளவர்கள் வாசிக்கிற அதே எழுத்தை அவளும் வாசிக்கிறாள் அல்லவா? அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, எனக்கு யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம்மா இனிமேல்" என்றாள். அம்மா அதைக் கேட்டு எதற்கோ அழுதாள்.

முதல் வேலை பீளமேட்டுக்கு அந்தாண்டை ஒரு பம்ப் கம்பெனியில். முதலாளி திருமலைசாமி தங்கமான மனுஷர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளாடிஸ் ஆர்டர் கடிதங்கள் அடித்தாள், மெயில் பார்த்தாள், சிரித்துப் பேசி நன்றாகத்தான் இருந்தாள். பிறகு கம்பெனியில் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போட்டார்கள். பார்க்க அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். படம் படமாய் இருக்குமாம், ஒரு படத்தைத் தொட்டால் ஆர்டர் போகும், ஒன்றைத் தொட்டால் அழியும். அந்தப் படங்களுக்கு உள்ளே பெயர் எழுதி வைக்க வேண்டும் என்று செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. அதனால் கிளாடிசின் காதில் அது "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது. எது அனுப்பும், எது அழிக்கும்? பேர் ஒட்டாத ஒரே மாதிரி டப்பாக்களை அடுக்கி வைத்து, உப்பை எடு என்று சொன்னால் என்ன செய்வது, அந்த மாதிரி. டப்பாவையாவது திறந்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம்.

நவ்யா என்று ஒரு பெண்ணை அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், ஒரு பார்வை பார்த்துக்கொள்ள. நல்ல பெண். முதலில் பார்த்துக் கொடுத்தாள். பிறகு, "நீங்க சொல்லுங்கக்கா, நானே அடிச்சர்றேன்" என்றாள். பிறகு சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. கிளாடிசை டெலிபோனுக்கு மாற்றினார்கள். எல்லோர் கையிலும் செல்போன் வந்தபின் அந்த டெலிபோன் யாருக்கு அடிக்கும்? யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. டீ நேரத்துக்கு டீ வந்தது, மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது. வேலைதான் வரவில்லை. ஒருநாள் அவளே எழுந்து போய் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். திருமலைசாமி வாசல் வரைக்கும் கூட வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார்.

அதற்கப்புறம் கிடைத்ததுதான் இந்தச் சர்ச் ஆபீஸ் வேலை. அதுவும் இன்னும் நிரந்தரமாகவில்லை. பழைய டைப்பிஸ்ட் வேலையை விட்டுத் தாராபுரம் பக்கம் போனபோது, தற்காலிகமாக இருக்கட்டும் என்று அவளை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் கொடுக்கிற அறிவிப்புத் தாள், ஞானஸ்நானச் சான்று, ஓலை எல்லாம் அவள் அடிக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. சர்ச்சில் அத்தனையும் ஒரு பழைய ஃபாண்டில் இருந்தது. அந்த ஃபாண்டில் தமிழ் கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே கம்ப்யூட்டருக்கு எல்லாமே இங்கிலீஷ் எழுத்து. "அம்மா" என்று திரையில் இருக்கும். ஸ்க்ரீன் ரீடரோ "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்று சொல்லும். கர்த்தர், சமாதானம், ஸ்தோத்திரம் எல்லாமே இப்படித்தான், கற்பாறையில் வண்டி ஏறினமாதிரி கடகடவென்று விழும்.

கிளாடிஸ் பிடிவாதக்காரி. பழைய டைப்பிஸ்ட் போகுமுன் எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்று கேட்டுப் பிரெய்லில் குத்தி வைத்துக்கொண்டாள். ஒற்றைக் கொம்புக்கு இங்கிலீஷ் சின்ன என். இரட்டைக் கொம்புக்குப் பெரிய என். பெரிய எழுத்து என்றால் குரல் ஒரு துளி மேலே ஏறும், அவ்வளவுதான் அடையாளம். அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டே இத்தனை நாள் ஓட்டினாள். போன சனிக்கிழமை அவள் ஓலை அடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து ஹாலில் அறுப்பின் பண்டிகைக்குப் பாடகர் குழு பயிற்சி நடந்தது. பெண்கள் எல்லோரும் உச்சத்தில் பிடித்து நின்ற நேரம் பார்த்து அவள் விரல் தவறியது. குரல் ஒரு துளி ஏறியது யாருக்குக் கேட்டது? கொடி கோடியாயிற்று.

ஆராதனை முடிந்ததும் ஆயருடைய அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஆயர் இருந்தார், ஞானாபரணம் இருந்தார், பொருளாளர் பிராங்க் இருந்தார்.

"என்ற தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றாள் கிளாடிஸ், யாரும் வாய் திறக்குமுன்.

"பாவம் பாத்து வச்சோம், அதுக்காக எம்புள்ள பேரை ஊரே சிரிக்க வுட முடியுமுங்களா?" ஞானாபரணம் அவளிடம் பேசவில்லை, ஆயரிடம் பேசினார். "போன் எடுக்கட்டும். ஓலைச் சோலி வேண்டாமுங்க."

பிராங்க் இளகின மனசுக்காரர். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். "அட, புள்ளைய வெரட்டாதீங்க. கிளாடிஸ் கண்ணு, நீ பாட்டுக்கு அடி. சனிக்கிழமை நம்ம சண்டே ஸ்கூல் சாரா டீச்சர் வந்து ஒரு பார்வை பாத்துக் குடுத்துரட்டும். யாருக்கும் சங்கடமில்லீல்ல?"

ஒரு பார்வை. அந்த வார்த்தையைக் கேட்டதும் கிளாடிசுக்குப் பம்ப் கம்பெனி டீ வாசம் மூக்கில் ஏறியது. எப்படி ஆரம்பித்து எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும். சாரா டீச்சர் நல்லவர்தான். நவ்யாவும் நல்லவள்தான்.

"வேணாமுங்க அங்கிள்" என்றாள்.

"என்ன கண்ணு வேணாம்? உதவிதானே பண்றோம்?"

"உதவி வேணாமுங்க. எழுத்தை மாத்திக்குடுங்க, போதும். போன்ல எல்லாரும் தமிழ் அடிக்கறீங்கல்ல, யுனிகோட், அந்த எழுத்துல தாளு அடிக்க வுடுங்க. அது எனக்குத் தமிழாவே கேக்குமுங்க. இப்ப இருக்கறது இங்கிலீசுக்குத் தமிழ் வேஷம் போட்டதுங்க. வேஷம் உங்க கண்ணுக்குத் தெரியும், என்ற காதுக்குத் தெரியாதுங்களே."

பிராங்க் முகம் சுளித்திருக்க வேண்டும், குரலில் தெரிந்தது. "அது பஸ் டிக்கெட் எழுத்து மாதிரி இருக்கும் கண்ணு. வயசானவங்களுக்கெல்லாம் இந்த எழுத்துத்தான் பழக்கம். தாளோட அமைப்பே போயிரும்."

"அப்படின்னா நான் தாளு அடிக்க மாட்டேனுங்க."

 தற்காலிக வேலையில் இருப்பவள் கமிட்டி முன்னால் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா இது?  ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"தப்பு வருமுங்க. கண்ணு தெரிஞ்சவங்களுக்கும் வருது. ஆனா அது நானே கேட்டு நானே திருத்திக்கற தப்பா இருக்கோணுமுங்க. மத்தவங்க வந்து பொறுக்கி எடுக்கற தப்பா இருக்கக்கூடாதுங்க."

ஆயர் தம்பிதுரை சண்டை என்றாலே ஒதுங்குகிறவர். தொண்டையைச் செருமினார். "ரெண்டாவது ஓலை அடுத்த ஞாயிறு வருது. அந்த ஒரு தாளை அவங்க கேக்கற எழுத்துல அடிக்கட்டும். பாத்துட்டு, கமிட்டி கூடி வேலையைப் பத்தி முடிவு பண்ணுவோம். என்னங்க?"

"அப்படீன்னா சனிக்கிழமை நான் வந்து பக்கத்துலயே நிப்பேன்" என்றார் ஞானாபரணம். "எம்புள்ள பேரு சரியா வருதான்னு கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்."

"வாங்க, நிக்க வேண்டாம், நாற்காலி போடறேனுங்க" என்றாள் கிளாடிஸ்.

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு யாரோ வந்தார்கள். செருப்புச் சத்தத்திலேயே கோபம் இருந்தது. ஜெயக்கொடிதான். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண், ஸ்பிரிட் வாசம் அவளோடு கூடவே வந்தது.

"ஏனுங்கக்கா, ஒரு கொம்புதானேன்னு சொல்லிப்போடாதீங்க. பவானியிலிருந்து மாமியார் போன் பண்றாங்க. 'ஏம்மணி, உம்பேரு கொடியா கோடியா, பத்திரிகை அடிக்கக் குடுக்கோணும்' அப்படீங்கறாங்க. சொந்தப் பேரைக் கேக்கறாங்கக்கா எங்கிட்ட!"

"சொல்ல மாட்டேன் கண்ணு. உக்காரு."

"லேப்ல அதுக்கு மேல. ரத்தம் எடுக்க வந்த ஆளு, 'கோடீஸ்வரி கையால ஊசி போட்டாக் காசு கேப்பீங்களா'ங்கறான். எப்படிக்கா தப்பாச்சு? எத்தனை ஓலை அடிச்சிருக்கீங்க!"

கிளாடிஸ் ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினாள். "மாட்டிக்கோ. உம்பேரை எனக்கு எப்படிச் சொல்லுதுன்னு நீயே கேளு."

ஜெயக்கொடி மாட்டிக்கொண்டாள். கிளாடிஸ் ஓலைத் தாளைத் திறந்து, அந்தப் பெயரின்மேல் எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். என். லெஃப்ட் பிராக்கெட். ஏ. எஃப். செமிகோலன். என். எஃப். ஹெச். பி.

"இன்னொருக்கா போடுங்கக்கா."

போட்டாள்.

"என்ற பேரா இது?" கோபம் எங்கேயோ போய்விட்டது. "யாருக்கா இந்த ஆளு, சளி புடிச்சவனாட்ட? பேரைச் சொல்லச் சொன்னா வண்டி நம்பர் சொல்றான்!"

கிளாடிஸ் சிரித்துவிட்டாள். "அவனைத் திட்டாத. இருக்கறதைத்தான் சொல்றான். அதுல நடுவுல வந்துச்சே ஒரு என், அது சின்னதா இருந்தா நீ கொடி, பெருசா இருந்தா கோடி. அவன் குரல் துளியூண்டு ஏறுமே, அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கோணும். அன்னைக்குப் பாட்டுச் சத்தத்துல எனக்குக் கேக்காமப் போச்சு."

 ஜெயக்கொடி ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

"எங்கம்மா வச்ச பேருங்கக்கா. அம்மா இப்ப இல்லீல்ல. இஸ்கூல்ல கொடியேத்தற அன்னைக்கெல்லாம் 'ஏய், உன்னைய ஏத்தப்போறாங்க'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. மாத்திக்குடுன்னு அம்மாகிட்ட அழுதிருக்கேன். அம்மா இருந்தவரைக்கும் புடிக்கலை. இப்பத்தான்…" என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அதைக் கொடின்னே சொல்ல வைக்க முடியாதுங்களா?"

"முடியும். அதைத்தான் கமிட்டியில கேட்டிருக்கேன்."

கிளாடிஸ் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். எழுத்தை மாற்றிக்கொண்டு அடித்தாள். "இப்பக் கேளு" என்றாள்.

மூக்கடைத்த குரல் முழுசாக, தெளிவாகச் சொன்னது: ஜெயக்கொடி.

பெண் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சளி இருந்தாலும் நல்லாத்தான் சொல்றான்" என்றாள்.

அந்த வாரம் முழுக்கக் கிளாடிஸ் தாளைப் புதிதாக அமைத்தாள். பாட்டு எண்கள், வேத பாடம், வியாதியஸ்தருக்கான ஜெபக் குறிப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தாள். பழையதை நெட்டில் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று அவளுடைய சிநேகிதிகள் சொன்னார்கள். மாற்றிப் பார்த்தாள், பாதி எழுத்தை அது தின்றுவிட்டது. சரி, கை இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டாள். இரவு அம்மா விரலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடி, "அவங்க சொல்றமாதிரியே அந்த டீச்சரை வச்சுக்கிட்டா என்ன? வேலை நெலைக்கட்டுமே" என்றாள்.

"அப்படி நெலைச்சா அது என்ற வேலையா இருக்காதும்மா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. பம்ப் கம்பெனியில் கடைசி நாட்களில் மகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த இருப்பை அவளும் பார்த்தவள்தானே.

சனிக்கிழமை ஞானாபரணம் வந்தார். சொன்னபடி நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்தார். மரத்தூள் வாசம். கும்பிட்டாரா முறைத்தாரா தெரியாது, வார்த்தை ஒன்றும் இல்லை. கிளாடிஸ் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, குரலை ஸ்பீக்கரில் வெளியே விட்டாள். ஒளிக்க என்ன இருக்கிறது? அடிக்க ஆரம்பித்தாள். குரல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அவர் பெயர் வந்ததும் அது "ஞானா… பரணம்" என்று நடுவில் மூச்சு விட்டது.

"பரணா? பரண்மேல ஏத்திப்போட்டானே என்னைய" என்றார் ஞானாபரணம், தன்னை அறியாமல்.

கிளாடிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்தால் தப்பாகிவிடும்.

அடித்து முடித்ததும் அவர் எழுந்து வந்து திரையருகே குனிந்தார். முணுமுணுத்தபடி வாசித்தார். மகள் பெயரில் நின்று இரண்டு தரம் வாசித்தார். "ம். சரியா இருக்குது. எல்லாஞ் சரி. அச்சுப் போட்டுக்க" என்றார்.

"சித்தெ இருங்க, நானும் ஒருக்காக் கேட்டுக்கறேன்" என்று கிளாடிஸ் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

குரல் வாசித்தது. ஞானாபரணம் அவர்களின் மகள் ஜெயக்கொடிக்கும், பவனியைச் சேர்ந்த வின்ஸ்டனுக்கும்—

கிளாடிஸ் நிறுத்தினாள். "பவனின்னு வருதுங்களே."

"பவானிதானே?"

"கால் போடாம உட்டுட்டேனுங்க. பவனியாயிருச்சு. இப்படியே போனா மாப்பிள்ளை குருத்தோலைப் பவனியில வந்தவராயிருவாருங்க."

 ஞானாபரணத்துக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், மரக்கடையில் பலகை சரிந்தமாதிரி ஒரு சிரிப்பு. குருத்தோலை ஞாயிறன்று கையில் ஓலை பிடித்துச் சர்ச்சைச் சுற்றி வருவதைத்தான் பவனி என்பார்கள். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு குருத்தோலை பிடித்து வருகிறமாதிரி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கிளாடிசும் அடக்கியது போதும் என்று சிரித்துவிட்டாள்.

"என்ற கண்ணுக்குப் பவானின்னுதான் தெரிஞ்சுது, அம்மணி" என்றார் கடைசியில். அவளை அவர் அம்மணி என்றது அதுதான் முதல் தடவை. "மாப்பிள்ளை ஊரு பவானின்னு மனசுல இருக்குதுல்ல. கண்ணு அதையே பாத்துப்போட்டுது."

"எனக்கும் மனசுல பவானிதானுங்க இருந்துது. இவன் மனசுல ஒண்ணுமில்லை, அதனால உள்ளதைச் சொல்லிப்போடறான்."

அவள் கால் போட்டாள். மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை ஞானாபரணம் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து காதால் கேட்டார். மகள் பெயர் வந்த இடத்தில், "அங்க மட்டும் இன்னொருக்காப் போடு" என்றார். போட்டாள். எழுந்து போகும்போது, "அவங்கம்மா இப்படித்தான், பேரை வெட்டாம முழுசாக் கூப்புடுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசை கொஞ்சம் ஏமாந்துகூடப் போயிருக்கும். எழுத்து தடித்திருக்கிறது என்று இரண்டு பெரியவர்கள் குறை சொன்னார்கள், ஒரு பெண்மணி தாளை எட்டப் பிடித்துப் பார்த்து, "இது பரவால்லீங்க" என்றார். பிராங்குக்கு இன்னும் அந்த எழுத்தைப் பிடிக்கவில்லை. கமிட்டி கூடினபோது அதைச் சொல்லவும் செய்தார்.

கிளாடிஸ் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பேசுவது விட்டுவிட்டுக் கேட்டது. பிராங்க், "எதுக்கும் சாரா டீச்சர் பாத்தா நல்லதுன்னு…" என்று ஆரம்பித்தார். அவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஞானாபரணத்தின் குரல் குறுக்கே வந்தது. "யாரும் பாக்க வேண்டாமுங்க. நான் பாத்தேன், பாத்தும் உட்டுட்டேன். அந்தப் புள்ள கேட்டுத்தான் புடிச்சுது. எழுத்து தடியா இருந்தா இருந்துட்டுப் போகுது. அந்தப் புள்ள கேக்கற எழுத்துலயே அடிக்கட்டும், வேலையையும் நெரந்தரமாக்கிப் போடுங்க."

"தாளு ஒரு பக்கத்துல அடங்கோணுமே" என்றார் பிராங்க், விட மனசில்லாமல்.

"அறிவிப்பைக் குறைங்க. நீங்க எழுதறதுதானே எச்சா இருக்குது" என்றார் ஆயர் தம்பிதுரை. சண்டைக்கே போகாத மனுஷர் அன்றைக்கு அவ்வளவு சொன்னார்.

இரண்டு நாள் கழித்துப் பிராங்க் ஆபீசுக்கு வந்தார். "மெயில் பாத்தியா கண்ணு? நியமன உத்தரவு அனுப்பியிருக்கேன். ஆயர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்குது."

கிளாடிஸ் திறந்தாள். ஸ்க்ரீன் ரீடர் ஒரே ஒரு வார்த்தை சொன்னது: காலி.

மேலே போனாள், கீழே போனாள். காலி.

"அங்கிள், காயிதத்துல ஒண்ணுமில்லீங்களே."

"ஒண்ணுமில்லையா! இத பாரு, நிரந்தரம்னு போட்டிருக்குது, கையெழுத்து இருக்குது…" என்று திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டியவர் சட்டென்று நிறுத்தினார். வெளியே கடையில் அடித்து வாங்கி, ஆயரிடம் கையெழுத்துப் போடச்சொல்லி, போட்டோப் பிடித்து அனுப்பியிருக்கிறார். படத்தில் இருக்கிற எழுத்தைக் கம்ப்யூட்டர் குரல் எப்படி வாசிக்கும்? அதற்கு அது வெறும் படம்.

"நானே படிச்சுச் சொல்லட்டுமா கண்ணு?" என்றார். கேட்டபிறகு அவருக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது, அவள் பதில் சொல்லுமுன், "வேணாம், வேணாம். நகரு, நான் அடிக்கறேன். எந்தச் சாவின்னு சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பேங்கில் அத்தனை வருஷம் இருந்தவர், கம்ப்யூட்டரில் தமிழ் அடித்ததில்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். அவர் குத்தக் குத்தக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. கிளாடிஸ் பக்கத்தில் நின்று, "இப்பக் கால் போடுங்க, இப்பப் புள்ளி வையுங்க" என்றாள். ஒரு பத்திக்கு அவருக்கு வியர்த்துவிட்டது. அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

முடித்துவிட்டு அவர் விரலை உதறினார். "ஓடவுடு, கேளு. சரியான்னு சொல்லு."

கிளாடிஸ் உட்கார்ந்து, தலைப்பிலிருந்து ஓடவிட்டாள். செல்வி கிளாடிஸ் அவர்கள் இந்தச் சபையின் அலுவலக உதவியாளராக நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். குரலுக்குச் சளி இன்னும் போகவில்லை. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் சொன்னது.

"சரியா இருக்குதா கண்ணு?" என்றார் பிராங்க்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இருங்க அங்கிள், இன்னொருக்காக் கேட்டுக்கறேனுங்க" என்றாள் கிளாடிஸ்.